ஏஎஃப்எல் மிட்ஃபீல்டர் ஆவது எப்படி: முதல் ஹேண்ட்பால் முதல் கடைசி ஒப்பந்தம் வரை

ஏஎஃப்எல் என்பது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின், அதாவது ஃபூட்டியின், உச்ச லீக். அதில் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள வீரர், ஒரு ஆட்டத்துக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் ஓடுகிறார். இந்தக் கணக்கைக் கேட்டதும் இளைஞர்கள் பலர் ஓட்டப் பயிற்சியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓட்டம் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது என்பது உண்மை. ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நிலைக்க முடியாது என்பதும் அதே அளவு உண்மை. முன்னாள் மிட்ஃபீல்டர் கிரெக் வில்லியம்ஸ் வேகமாக ஓடத் தெரிந்தவர் அல்லர். ஆனாலும் 1986, 1994 என இரண்டு முறை, சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். பந்து எங்கே விழும், அதை யாருக்குத் தட்டிவிட வேண்டும் என்பது மற்றவர்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

மிட்ஃபீல்டரின் தரம் இரண்டு இடங்களில் தெரியும்: பந்து கைக்கு வருவதற்கு முந்தைய 2 விநாடி, பந்து கையை விட்டுப் போனதற்குப் பிந்தைய 2 விநாடி. வீரர்களைத் தேடி வரும் கிளப் ஆட்கள் உற்றுப் பார்ப்பது அவற்றைத்தான். கீழே சொல்லப்படும் பயிற்சி, உணவு, ஒப்பந்தம் எல்லாமே அந்த 4 விநாடிகளுக்காகத்தான்.

மைதானத்தில் உங்கள் இடம்

அணிக்கு 18 பேர். முட்டை வடிவ மைதானம் 135 முதல் 185 மீட்டர் வரை நீளம் இருக்கலாம். நடுவில் 50 மீட்டர் சதுரம். 2019-லிருந்து 6-6-6 விதி நடைமுறையில் இருக்கிறது. நடுவில் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு அணியும் இரு முனைகளின் 50 மீட்டர் வளைவுக்குள்ளும் ஆறு ஆறு பேரை நிறுத்த வேண்டும். மீதி ஆறு பேரில் நால்வர் சதுரத்துக்குள், இருவர் விங்கில், அதாவது பக்கவாட்டு ஓரங்களில். சதுரத்துக்குள் இருக்கும் நால்வரில் ஒருவர் ரக்மேன், உயரமாக எம்பிப் பந்தைத் தட்டுபவர். ஆக, மிட்ஃபீல்டருக்கு உள்ளே இருக்கும் இடம் மூன்றே மூன்று. ஒரு கிளப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் இருக்கும்போது அந்த மூன்று இடத்துக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் 15 வயதிலேயே விங்கோ ஹாஃப்-ஃபார்வர்டோ (முன்வரிசைக்கும் நடுக்களத்துக்கும் இடைப்பட்ட இடம்) இரண்டாவது இடம் ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறோம். கிளப்புக்குப் புதிதாக வரும் மிட்ஃபீல்டர்களில் பெரும்பாலானோர் முதல் ஆண்டைக் கழிப்பது அங்கேதான்.

ஸ்டாப்பேஜ்: முதலில் கற்க வேண்டியது

ஆட்டம் நின்று, நடுவர் பந்தை மேலே விட்டோ எல்லைக்கோட்டு நடுவர் உள்ளே எறிந்தோ மறுபடி தொடங்கும் இடம்தான் ஸ்டாப்பேஜ். நடுச்சதுரத்தில் 2025 வரை பந்தைத் தரையில் மோதி எழுப்பினார்கள். 2026-லிருந்து மேலே எறிகிறார்கள். எறியும் பந்து நேராக எழும். அதனால் ரக்மேன் எங்கே தட்டுவார் என்பதை முன்கூட்டியே திட்டமிடுவது எளிதாகியிருக்கிறது.

திட்டம் கடிகார முள் கணக்கில் பேசப்படும். உங்கள் அணி கோல் அடிக்கும் பக்கம் 12 மணி, காக்கும் பக்கம் 6 மணி. "நான்கு" என்று சொன்னால் ரக்மேன் தன் வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் தட்டுவார். மூன்று மிட்ஃபீல்டருக்கும் மூன்று வேலை. ஒருவர் பந்தை வாங்குபவர். இன்னொருவர் அவருடைய பாதையில் எதிராளி குறுக்கே வராமல் உடலை வைத்து மறிப்பவர். மூன்றாமவர் காவல் பக்கத்தில், அதாவது எதிராளிக்கும் நம் கோலுக்கும் நடுவே நிற்பவர். மூவரும் பந்தைத் துரத்தினால் எதிரணி ஒரே ஹேண்ட்பாலில் (பந்தை முஷ்டியால் குத்திக் கொடுப்பது) வெளியேறி நேராக முன்வரிசைக்கு உதைத்துவிடும். இளைஞர் அணிகளில் ஆட்டம் கைநழுவிப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவுமில்லை.

ஸ்டாப்பேஜுக்கு வரும் ஒவ்வொரு முறையும் இந்த வரிசையில் செய்யுங்கள்:

1. வந்து சேர்வதற்கு முன்பே தலையைத் திருப்பி இரு பக்கமும் பாருங்கள். வெளியே காலியாக நிற்கும் நம் ஆள் யார், எந்தப் பக்கம் கூட்டம் குறைவு என்று மனதில் பதியுங்கள்.
2. பந்து விழும் இடத்தில் போய் நிற்காதீர்கள். அங்கிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி நில்லுங்கள். நின்ற இடத்திலிருந்து கிளம்புபவரைவிட நகர்ந்துகொண்டே வருபவருக்குத்தான் பந்து கிடைக்கும்.
3. எதிராளியின் இடுப்பில் முன்கையை வைத்து அவர் இருக்கும் இடத்தை உணருங்கள். ஜெர்சியைப் பிடிக்காதீர்கள், ஃப்ரீ கிக் போய்விடும்.
4. பந்து மேலே போனதும் பந்தைப் பார்க்காதீர்கள். ரக்மேனின் கையைப் பாருங்கள். உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் பந்து போகும். எதிரணி ரக்மேன் எந்தக் கையால் தட்டுகிறார், நெருக்கடியில் எந்தத் திசைக்குப் போகிறார் என்பதை ஆட்டத்தின் கால்பகுதியான முதல் குவார்ட்டரிலேயே கண்டுகொள்ள வேண்டும்.
5. பந்து கைக்கு வந்தால் முதல் இரண்டு அடியைக் கூட்டத்துக்கு வெளியே வையுங்கள். முன்னோக்கித்தான் போக வேண்டும் என்பதில்லை. பக்கவாட்டில் இரண்டடி எடுத்து வைத்தால் பார்வை திறக்கும்.

நான்காவது படியில்தான் பலர் தவறுகிறார்கள். கண் இயல்பாகப் பந்தின் பின்னால் போய்விடும். அதைத் திருத்த ஒரு பயிற்சி இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று எம்பித் தட்டட்டும். நீங்கள் பின்னால் திரும்பி நில்லுங்கள். பயிற்சியாளர் "இப்போ" என்று சொன்னதும், அதாவது பந்து உச்சிக்குப் போன பிறகே, திரும்பிப் பாருங்கள். அந்த நொடியில் கண்ணுக்குக் கிடைப்பது ரக்மேனின் கை மட்டும்தான். ஒரு பயிற்சியில் 20 முறை, வாரத்தில் இரண்டு நாள். ஆறு வாரத்தில் மாற்றம் தெரியும்.

தரையில் கிடக்கும் பந்து

முட்டை வடிவப் பந்து உருளும்போது பொய் சொல்லும். பக்கவாட்டில் கிடந்து உருண்டால் தாழ்ந்தே வரும். கூர்முனை தரையில் பட்ட கணம் துள்ளி நெஞ்சுக்கு வரும், அல்லது காலுக்கடியில் நழுவும். அதனால் கைகளை மட்டும் நீட்டி எடுக்காதீர்கள். பந்தின் பாதைக்குப் பின்னால் உடல் முழுவதும் இருக்க வேண்டும். முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்துங்கள். முதுகை மட்டும் வளைப்பவர் அடுத்த மோதலில் தலையில் அடி வாங்குவார். விரல்கள் தரையை நோக்கி, இரு சுண்டுவிரல்களும் ஒட்டியபடி, பந்தை வாரி எடுங்கள். எதிராளி பக்கத்திலிருந்து வந்தால் உங்கள் தோளை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். தலை முன்னால் நீண்டிருக்கக் கூடாது. கழுத்து எலும்பைக் காப்பது இந்த ஒரு பழக்கம்தான்.

சறுக்கி விழுந்து பந்தை எடுக்கப் பழகாதீர்கள். எதிராளியின் முழங்காலுக்குக் கீழே பலமாக மோதினால் ஃப்ரீ கிக் அவருக்கு. தவிர, தரையில் கிடப்பவரால் இரண்டாவது முயற்சி செய்ய முடியாது.

ஹேண்ட்பால்

பந்தை எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி, மறு கை முஷ்டியால் குத்த வேண்டும். வலக்கைக்காரர் என்றால் இடது உள்ளங்கையில் பந்து தட்டில் வைத்ததுபோல உட்கார்ந்திருக்கட்டும். பந்தின் ஒரு முனை இலக்கை நோக்கட்டும், மறுமுனை உங்கள் பக்கம். முஷ்டியை மடக்கும்போது கட்டைவிரலை உள்ளே வைக்காதீர்கள்; முதல் பலமான குத்திலேயே சுளுக்கிக்கொள்ளும். வெளியே, மடங்கிய ஆள்காட்டி விரலின் மேல் படிய வையுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உண்டாக்கும் தட்டையான பரப்புதான் பந்தைத் தொட வேண்டும். உங்கள் பக்கத்து முனைக்குச் சற்றே கீழே குத்தினால் பந்து பின்பக்கமாகச் சுழன்று நேராகப் போகும். குத்திய முஷ்டி அதே பாதையில் இலக்கை நோக்கிப் போக வேண்டும். பக்கவாட்டில் விலகினால் பந்தும் விலகும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஏந்தும் கை பந்தோடு சேர்ந்து முன்னால் வீசுவது முதல் தவறு. நடுவர் எறிந்ததாக எடுத்துக்கொள்வார். நின்றுகொண்டிருக்கும் ஆளின் மார்புக்குக் கொடுப்பது இரண்டாவது. அவர் வாங்கும்போதே டேக்கிள் விழும், அதாவது எதிராளி வந்து பிடித்து மடக்குவார். ஓடி வருபவருக்கு ஒரு மீட்டர் முன்னால், இடுப்பு உயரத்தில் கொடுங்கள். இடக்கை முஷ்டியிலும் இதே அளவு பழக வேண்டும். கூட்டத்துக்குள் எந்தப் பக்கம் திரும்ப முடியும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, கூட்டம்தான் தீர்மானிக்கிறது.

டிராப் பன்ட் உதை

உதை கெடுவது காலில் அல்ல, கையில். பந்தைக் கீழே விடும் விதம்தான் பாதி உதை. வலக்காலால் உதைப்பவர் பந்தை இரு பக்கமும் பிடித்து, மேல்முனை தன் பக்கம் சற்றே சாய்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இடக்கை முதலில் விலகும். வலக்கை பந்தை இடுப்பு உயரம் வரை வழிநடத்திக் கீழே விடும். விட்ட பிறகும் பந்து நிமிர்ந்தே இறங்க வேண்டும். கால்விரல்கள் நீண்டு, கணுக்கால் இறுகி, பாதத்தின் மேல்பகுதி பந்தின் கீழ்முனையில் படும். சரியாகப் பட்டால் பந்து பின்னோக்கிச் சுழலும். வாங்குபவரின் கையில் அது மென்மையாக வந்து உட்காரும்.

நெஞ்சு உயரத்திலிருந்து விட்டால் இறங்கும் வழியில் பந்து சாயும். காற்று இருந்தால் இன்னும் மோசம். இடக்கை தாமதமாக விலகினால் பந்து குறுக்கே திரும்பி உதை வளையும். உடல் பின்னால் சாய்ந்தால் உதை வானத்துக்குப் போகும். தூரம் போனதாகத் தோன்றினாலும் காற்றில் அத்தனை நேரம் இருக்கும் பந்துக்கு எதிரணியின் இரண்டு பேர் வந்து சேர்ந்துவிடுவார்கள். 15 மீட்டராவது பயணித்த உதையைச் சுத்தமாகப் பிடித்தால்தான் மார்க், அதாவது தடையில்லாமல் உதைக்கும் உரிமை தரும் பிடி. அதனால் மிட்ஃபீல்டருக்கு அதிகம் பயன்படுவது 20 முதல் 35 மீட்டர் வரை தாழ்வாக, வேகமாகப் போகும் உதை. அதை ஓடிக்கொண்டே, மூச்சு வாங்கும்போதே பழகுங்கள். களைப்பில்லாமல் நின்று உதைப்பது ஆட்ட நாளில் கைகொடுக்காது.

வளரும் வயதில் உதைகளை எண்ணி வையுங்கள். வாரத்துக்கு 200 உதைத்தவர் அடுத்த வாரம் 400 உதைத்தால் தொடை இடுக்கும் இடுப்பெலும்பு இணைப்பும் வீங்கி, ஒரு சீசனையே விழுங்கிவிடும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வீதம் கூட்டுங்கள்.

பந்து போன பிறகு

ஒரே ஆட்டத்தில் அதிகமாகப் பந்தைக் கையாண்ட சாதனை டாம் மிட்செலுடையது: 2018 முதல் சுற்றில் 54 முறை. நல்ல மிட்ஃபீல்டருக்கு 25 என்பது சாதாரண நாள். ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது இந்த 25 முறையும் சேர்ந்து ஒருசில நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் பந்து இல்லாமல்தான் ஓடுகிறீர்கள். அந்த ஓட்டம் எங்கே போகிறது என்பதைப் பயிற்சியாளர்கள் திங்கட்கிழமை வீடியோவில் பார்ப்பார்கள். பந்தைக் கொடுத்துவிட்டு நிற்பவர், எதிரணி கைப்பற்றியதும் நடந்து திரும்புபவர் பந்தை 30 முறை தொட்டிருந்தாலும் அடுத்த வாரம் பெஞ்சில்தான்.

டேக்கிளைத் தோளுக்குக் கீழே, முழங்காலுக்கு மேலே போட வேண்டும். நெருங்கும்போது அடிகளைச் சுருக்குங்கள். நீண்ட அடியோடு வருபவரை ஒரே திருப்பத்தில் ஏமாற்றிவிடலாம். உங்கள் தலை அவர் உடலுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். தோளை அவர் விலாவில் வைத்து, இரு கைகளாலும் சுற்றி, அவருடைய ஒரு கையையாவது சேர்த்து இறுக்குங்கள். பந்தை விடுவிக்க வாய்ப்பிருந்தும் விடாதவருக்கு எதிராக "ஹோல்டிங் த பால்" ஃப்ரீ கிக் கிடைக்கும். இரு கைகளையும் பூட்டி, சுழற்றித் தரையில் எறிவது தடை. எதிராளியின் தலை தரையில் மோதினால் சில வாரங்கள் ஆடத் தடை விதிப்பார்கள். 2019 டிராஃப்டில் (கிளப்புகள் புதிய வீரர்களை வரிசைப்படி எடுக்கும் தேர்வு) முதலாவதாக எடுக்கப்பட்ட கோல்ட் கோஸ்ட் வீரர் மேட் ராவெல், 2025-ல் பிரவுன்லோ வாங்கினார். அவர் ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் பந்தில்லாத நேரத்தில் அவரை மட்டும் ஒரு குவார்ட்டர் முழுக்கக் கவனியுங்கள். இந்தப் பகுதிக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஓட்டமும் உடலும்

டிராஃப்ட் தேர்வு முகாமில் 20 மீட்டர் ஓட்டம், திருப்பங்கள் கொண்ட வேக ஓட்டம், நின்றும் ஓடிவந்தும் எம்புதல், 2 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை அளக்கப்படும். 20 மீட்டரை 3 விநாடிக்குள் கடப்பவர் வேகமானவர். 2 கிலோமீட்டரில் 6 நிமிடம் 30 விநாடிக்குள் வருவது மிட்ஃபீல்டருக்கு நல்ல நேரம். 6 நிமிடத்தை நெருங்குபவர்கள் மிகச் சிலர்.

ஒரே வேகத்தில் 10 கிலோமீட்டர் ஓடி இந்த நேரத்தை எட்ட முயலாதீர்கள். ஆட்டம் அப்படி ஓடுவதில்லை. வேகமாக ஓடி, சற்றே மூச்சு வாங்கி, மறுபடி வேகமாக ஓடும் விளையாட்டு இது. கணக்கு இப்படி: 2 கிலோமீட்டரை 6 நிமிடம் 40 விநாடியில் ஓடுகிறீர்கள் என்று வையுங்கள். அதாவது 400 விநாடி. விநாடிக்கு 5 மீட்டர். அதை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் விநாடிக்கு 6 மீட்டர். ஆக, 90 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 15 விநாடி நில்லுங்கள். இதை 6 நிமிடம் விடாமல் செய்யுங்கள், 3 நிமிடம் நடங்கள், மறுபடி 6 நிமிடம். வாரம் இரண்டு முறை போதும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2 கிலோமீட்டரை மறுபடி ஓடிப் பார்த்து 90 என்ற எண்ணைத் திருத்துங்கள்.

தொடைப் பின்தசை கிழிவதுதான் இந்த விளையாட்டில் அடிக்கடி வரும் காயம். முழு வேகத்தில் ஓடாமலேயே பயிற்சி செய்து, ஆட்ட நாளில் மட்டும் முழு வேகத்தைக் கேட்டால் தசை மறுக்கும். வாரத்தில் ஒருமுறையாவது, நன்றாக உடலைச் சூடாக்கிய பிறகு, 30, 40 மீட்டர் ஓட்டங்கள் ஐந்தாறை ஏறக்குறைய முழு வேகத்தில் ஓடுங்கள். கூடவே நார்டிக் பயிற்சி: முழங்காலிட்டு நில்லுங்கள், துணையாள் கணுக்காலைப் பிடிக்கட்டும், உடலை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். ஐந்து முறை கொண்ட தொகுதி மூன்று. முதல் வாரம் வலி பிடுங்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள்; ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் மட்டும் செய்யாதீர்கள்.

எடையில் அவசரம் வேண்டாம். 18 வயதில் 75 கிலோவோடு வருபவர் இரண்டு சீசனில் 80-ஐத் தாண்டினால் போதும். ஒரே கோடையில் 8 கிலோ ஏற்றியவர் ஸ்டாப்பேஜில் வலுவாக நிற்பார், ஆனால் மூன்றாம் குவார்ட்டரில் காணாமல் போவார்.

டிராஃப்ட் வரை

விக்டோரியாவில் கோட்ஸ் டேலன்ட் லீக், தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் மாநில லீக்குகளான எஸ்ஏஎன்எஃப்எல், வாஃபில் ஆகியவற்றின் இளைஞர் அணிகள்: பெரும்பாலானோர் இந்த வழியில்தான் வருகிறார்கள். அதற்கு மேலே 18 வயதுக்குட்பட்டோர் தேசியப் போட்டி. டிராஃப்ட் நவம்பரில் நடக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 18 வயது நிரம்ப வேண்டும். தந்தை ஒரு கிளப்புக்காக 100 ஆட்டம் ஆடியிருந்தால் அந்தக் கிளப்புக்கு மகன்மேல் முன்னுரிமை உண்டு. பெற்றோரில் ஒருவராவது ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்திருந்தால், வீடு எந்தக் கிளப்பின் பகுதியில் இருக்கிறதோ அந்தக் கிளப்பின் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமியில் சேர வாய்ப்பு உண்டு. குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படியொரு வழி இருப்பதே தெரிவதில்லை. பிள்ளைக்கு 12, 13 வயதாகும்போதே உள்ளூர் கிளப் மூலம் விசாரியுங்கள்.

எத்தனையாவது இடத்தில் எடுக்கப்படுகிறீர்கள் என்பதை வைத்து மனம் தளர வேண்டாம். லாக்கி நீல் 2011-ல் 58-வதாக எடுக்கப்பட்டவர். 2020-லும் 2023-லும் பிரவுன்லோ அவருக்குத்தான். டிம் கெல்லியை 2017-ல் கீலாங் எடுத்தபோது அவருக்கு வயது 23. அதுவரை மேற்கு ஆஸ்திரேலிய லீக்கில் ஆடிக்கொண்டிருந்தார். நவம்பரில் பெயர் வராதவருக்கு ரூக்கி டிராஃப்ட் இருக்கிறது, சீசன் தொடங்குமுன் கூடுதல் தேர்வுக் காலம் இருக்கிறது, சீசன் நடுவே ஒரு டிராஃப்ட் இருக்கிறது. மாநில லீக்கில் தொடர்ந்து ஆடிக்கொண்டிருப்பவரைத்தான் இவை கண்டுபிடிக்கும்.

நேர்காணலில் கிளப்புகள் கேட்பது பெரும்பாலும் ஆட்ட அறிவும் குணமும். உங்கள் ஆட்ட வீடியோ ஒன்றைப் போட்டு "இங்கே என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்கலாம். தவறு உங்களுடையது என்றால் அப்படியே சொல்லுங்கள், அடுத்த முறை எங்கே நிற்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிளப்பில் முதல் இரண்டு ஆண்டு

முதல் ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று ஆண்டு. எந்த ஊர் கிளப் எடுத்தாலும் போக வேண்டும். பெர்த் பையன் பிரிஸ்பேனுக்குப் போகலாம். சமைக்கவும், நேரத்துக்குத் தூங்கவும், வண்டி ஓட்டவும் அதற்குள் கற்றிருந்தால் முதல் கோடை பாதி எளிதாகும். நவம்பரில் தொடங்கும் முன்சீசன் பயிற்சியில் முதலாண்டு வீரர்களின் ஓட்ட அளவைக் கிளப் வேண்டுமென்றே குறைத்து வைக்கும். மூத்தவர்களோடு சமமாக ஓடிக் காட்ட வேண்டும் என்று கூடுதலாக ஓடுபவர்களுக்குத்தான் பாத எலும்பில் விரிசல் வருகிறது.

சனிக்கிழமை ஆட்டம் என்றால் வாரம் ஏறக்குறைய இப்படிப் போகும்: ஞாயிறு நீச்சல் குளம், மசாஜ். திங்கள் வீடியோ, எடைப் பயிற்சி. செவ்வாய் மிதமான திறன் பயிற்சி. புதன் ஓய்வு; படிப்பு வைத்திருப்பவர்கள் அன்று வகுப்புக்குப் போகலாம். வியாழன் முழு வேகப் பயிற்சி. வெள்ளி அரை மணி நேர இலகுப் பயிற்சி. ஆட்டத்துக்கு முந்தைய நாள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து எடுங்கள். 80 கிலோ ஆளுக்கு 480 முதல் 640 கிராம் வருகிறது. மூன்று வேளையில் அதைத் திணிக்க முடியாது, ஐந்தாறு வேளையாகப் பிரியுங்கள். ஆட்டத்தன்று கடைசி முழு உணவு மூன்று மணி நேரம் முன்பு.

ஆட்டத்தில் அணிக்கு 75 மாற்றங்கள்தான் அனுமதி. அதனால் மிட்ஃபீல்டர் ஐந்து, ஆறு நிமிடம் முழு வேகத்தில் ஆடிவிட்டு பெஞ்சுக்கு வருவார். வர வேண்டிய நேரத்தில் வராமல் "இன்னும் ஒரு ஸ்டாப்பேஜ்" என்று தங்கிவிட்டால் அடுத்தவருடைய சுற்றும் கெடும். கால் கனத்ததும் கையைக் காட்டுங்கள்.

டேக் விழுந்தால்

நன்றாக ஆடத் தொடங்கியதும் எதிரணி உங்களுக்கென்றே ஒருவரை நிழல்போல அனுப்பும். இதுதான் டேக். அவர் பந்தைத் தேட மாட்டார், உங்களைத்தான் தேடுவார். கோபப்பட்டுத் தள்ளினால் அவர் வேலை முடிந்தது. ஸ்டாப்பேஜில் ஒரே இடத்தில் நிற்காமல் கடைசி நொடியில் வெளியிலிருந்து ஓடி வாருங்கள். சில நிமிடங்கள் முன்வரிசைக்குப் போங்கள். கோலுக்கு முன்னால் நின்று பழகாதவர் அங்கே தடுமாறுவார். சில சமயம் அவரை வேண்டுமென்றே கூட்டத்துக்கு வெளியே இழுத்துச் சென்று சக வீரருக்கு இடம் விடுங்கள். நீங்கள் பந்தைத் தொடும் எண்ணிக்கை குறையும், அணிக்குக் கிளியரன்ஸ் (ஸ்டாப்பேஜிலிருந்து பந்தை வெளியே கொண்டுபோவது) கூடும்.

காயம் வந்தால்

தொடை முன்தசையில் முழங்கால் இடிபட்டு ரத்தம் கட்டுவதைக் கார்க்கி என்பார்கள். உடனே முழங்காலை வலி தாங்கும் அளவு மடக்கி, ஐஸ் வைத்து, கட்டுப் போடுங்கள். முதல் இரண்டு, மூன்று நாள் அழுத்தித் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம், மது மூன்றும் கூடாது. ரத்தக்கட்டு பெரிதாகி, தசைக்குள் எலும்பு வளரும் நிலைவரை போகலாம்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி உறுதியானால் ஏஎஃப்எல் விதிப்படி குறைந்தது 12 நாள் ஆட முடியாது. மருத்துவரிடம் அறிகுறியை மறைக்காதீர்கள். தலைவலி, வெளிச்சத்தில் கண் கூசுவது, தூக்கம் கெடுவது எதுவானாலும் சொல்லிவிடுங்கள். முழங்காலில் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிந்தால் 9 முதல் 12 மாதம் ஆட முடியாது. அந்த மாதங்களில் ஒவ்வொரு வாரமும் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து ஸ்டாப்பேஜ் வீடியோ பாருங்கள். திரும்பி வரும்போது கால் மெதுவாகத்தான் தயாராகும்; கண்ணாவது தயாராக இருக்கட்டும்.

ஒப்பந்தம், இடமாற்றம், கடைசி ஆண்டுகள்

வீரர் சங்கம் அங்கீகரித்த முகவரை மட்டும் வையுங்கள். எட்டு சீசன் ஒரே கிளப்பில் ஆடியவருக்கு ஃப்ரீ ஏஜென்சி உரிமை, அதாவது ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போகும் உரிமை வரும். கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் கால்பங்கினரில் நீங்கள் இருந்தால், வேறு கிளப் தரும் தொகையைத் தாங்களும் தந்து உங்களை நிறுத்திக்கொள்ள உங்கள் கிளப்புக்கு உரிமை உண்டு. பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தத் தடையும் இல்லை. அக்டோபர் இடமாற்றக் காலத்தில் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். புதிய கிளப்பின் நடுச்சதுரத்தில் உங்கள் வயதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து பேர் இருந்தால் நீங்கள் ஹாஃப்-ஃபார்வர்டு ஆகப்போகிறீர்கள் என்று அர்த்தம்.

முப்பதைத் தொடும்போது முதலில் குறைவது நீண்ட ஓட்டம் அல்ல, வேகமான ஓட்டங்களுக்கு நடுவே உடல் மீளும் திறன். அப்போது இடம் மாறத் தெரிந்தவர்கள் நீடிக்கிறார்கள். கேரி ஆப்லெட் ஜூனியர் 2018-ல் கீலாங்குக்குத் திரும்பிய பிறகு முன்வரிசையில் அதிகம் ஆடி, 357 ஆட்டங்களோடு 2020-ல் முடித்தார். கூடைப்பந்தில் வளர்ந்து ஃபூட்டிக்கு வந்த ஸ்காட் பெண்டில்பரி 2024-ல் 400-வது ஆட்டத்தைத் தொட்டார். எத்தனை பேர் சூழ்ந்தாலும் அவரைச் சுற்றி மட்டும் நேரம் மெதுவாக நகர்வதுபோல் தோன்றும், ஏனென்றால் பந்து வருமுன்பே அவர் தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்து முடித்திருப்பார்.

கிளப் விடுவித்தால் அந்த வாரமே மாநில லீக் கிளப்புகளோடு பேசத் தொடங்குங்கள். அங்கேயும் பட்டியல்கள் சீக்கிரம் நிரம்பும். ஏஎஃப்எல்-க்குத் திரும்பும் கதவும் அடைபடுவதில்லை: நவம்பரில் ரூக்கி டிராஃப்ட், கோடையில் கூடுதல் தேர்வுக் காலம், சீசன் நடுவே இன்னொரு டிராஃப்ட். விடுவிக்கப்பட்ட நாளிலிருந்து 2 கிலோமீட்டர் நேரத்தைக் கெடாமல் வைத்திருங்கள். பயிற்சிக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தால், நாலைந்து நாளில் ஓடிக் காட்ட வேண்டியிருக்கும்.